பால் பல் சொத்தை: எந்த மருத்துவரிடம் போவது, குழந்தையை எப்படி அழைத்துச் செல்வது?

காவிரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பணிமாற்றத்தின் காரணமாகச் சென்னையிலிருந்து ஈரோட்டுக்குக் குடிவந்திருக்கிறோம். மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு மூன்றரை. மகளின் பள்ளியில் நடந்த பல் பரிசோதனை முகாமில் அவளுக்கு ஐந்து பற்களில் சொத்தை இருப்பதாகவும், ஐந்துக்கும் வேர் சிகிச்சை செய்து கேப் போட வேண்டும் என்றும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சீட்டின் அடியில் ஒரு மருத்துவமனையின் முகவரியும், இந்த மாதத்துக்குள் வருவோருக்குக் கட்டணச் சலுகை உண்டு என்ற வரியும் அச்சாகியுள்ளன. விழப்போகும் பல்லுக்கு எதற்கு இவ்வளவு செலவு என்கிறார் என் மாமியார். எழுதிக் கொடுத்துவிட்டார்கள், எல்லாவற்றையும் ஒரேயடியாக முடித்துவிடுவோம் என்கிறார் என் கணவர். இருவர் சொல்வதிலும் எனக்கு நிறைவில்லை.

பெரியவர்களும் குழந்தைகளுமாக வீட்டிலுள்ள ஐந்து பேரும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து போகக்கூடிய ஒரு பல் மருத்துவரைத் தேர்ந்தெடுக்க விரும்புகிறேன். எதைப் பார்த்து, எதைக் கேட்டு முடிவு செய்வது? பெயர் சொல்லிப் பரிந்துரைக்க வேண்டாம்; முறையைச் சொன்னால் போதும். இன்னொரு கவலையும் இருக்கிறது. உறவுக்காரப் பையன் ஒருவன் வாய்க்குள் ஊசி போடுவார்கள் என்று சொல்லிவிட்டதிலிருந்து, பல் டாக்டர் என்ற சொல்லைக் கேட்டாலே மகள் அழத் தொடங்குகிறாள். மகனுக்கு வலி எதுவும் இல்லை. ஆனால் மேல் முன்பற்களில் ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு பூசியது போல ஒரு வெள்ளைக் கோடு தெரிகிறது. இன்னமும் இரவில் பால் புட்டியோடுதான் தூங்குகிறான்.

பல்லவன் எழுதியது:

சகோதரி, நான் அரசு மருத்துவமனையில் பல் மருத்துவராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன். முதலில் அந்தச் சீட்டைப் பற்றிச் சொல்கிறேன். பள்ளி பெஞ்சில் உட்கார வைத்து டார்ச் வெளிச்சத்தில் பார்க்கும்போது, பல்லில் குழி இருக்கிறது என்று சொல்லிவிடலாம். அந்தக் குழி உள்ளே நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் பற்கூழ் வரை போய்விட்டதா என்பதை உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்கு எக்ஸ்ரே வேண்டும். குளிர்ந்ததும் இனிப்பும் படும்போது மட்டும் கூசுகிறதா, அல்லது நடு இரவில் தானாகவே வலித்துக் குழந்தையை எழுப்புகிறதா என்று தாயிடம் கேட்க வேண்டும். அந்தப் பல்லின் அடியில் ஈறில் கொப்புளம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆகவே ஐந்து பற்களைக் கவனிக்க வேண்டும் என்ற எச்சரிக்கையாக மட்டும் அதை எடுத்துக்கொள்ளுங்கள். நான் முகாம்களைக் குறை சொல்லவில்லை. குழந்தையின் வாயை வேறு யாரும் திறந்து பார்க்காத குடும்பங்கள் நிறைய உண்டு. ஆனால் சலுகைக்குக் கெடு வைத்திருப்பவர், சிகிச்சைக்கும் அதே கெடு இருப்பதாக உங்களை நினைக்க வைக்கிறார். முகத்தில் வீக்கமோ காய்ச்சலோ இல்லாத வரை, இரண்டாவது மருத்துவர் ஒருவரைப் பார்த்துவிட்டு முடிவெடுக்க உங்களுக்கு அவகாசம் உண்டு.

உங்கள் மாமியார் சொல்வது பாதி சரி. ஆறு, ஏழு வயதில் கீழ் முன்பற்களும் தொடர்ந்து மேல் முன்பற்களும் விழுந்துவிடும். ஆடத் தொடங்கிவிட்ட பல்லில் சிறு சொத்தை இருந்தால் பெரும்பாலும் விட்டுவிடலாம். ஆனால் பால் கடைவாய்ப் பற்கள் பத்திலிருந்து பன்னிரண்டு வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. அவற்றுக்குப் பின்னால், எந்தப் பால் பல்லும் விழாமலேயே, ஆறு வயதையொட்டி முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. எதுவும் விழவில்லையே என்று பெற்றோர் பலர் அதையும் பால் பல் என்றே நினைத்துச் சொத்தையாக விட்டுவிடுகிறார்கள். என் பணிக்காலத்தில் எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது இதுதான். பின்னிருக்கும் பால் கடைவாய்ப் பல்லைக் காலத்துக்கு முன்பே பிடுங்கிவிட்டால், இந்த நிரந்தரப் பல் முன்னோக்கிச் சாய்ந்து, அடியிலிருந்து வரவேண்டிய பல்லின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பிடுங்கத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், இடத்தைக் காக்கும் கம்பி வளையம் வேண்டுமா என்று கட்டாயம் கேளுங்கள்.

சொத்தை கூழை எட்டவில்லை என்றால், வேர் சிகிச்சை இல்லாமல் அடைத்தாலே போதும். கடைவாய்ப் பல்லின் சொத்தையைக் குடையாமல், மரத்துப்போகும் ஊசியும் போடாமல், அளவான எஃகு உறையை, அதாவது கேப்பை, அதன்மேல் ஒட்டி மூடிவிடும் ஒரு முறையும் இருக்கிறது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மருத்துவர் நார்னா ஹால் பயன்படுத்தியதால் ஹால் முறை என்பார்கள். உணவு கிடைக்காத கிருமிகள் உள்ளே அடங்கிப்போகின்றன. கூழ் கெட்டுவிட்ட பல்லுக்கு இது உதவாது.

மகனுடைய வெள்ளைக் கோடு சொத்தையின் முதல் படி. குழி விழுவதற்கு முந்தைய இந்தக் கட்டத்தில் அதை நிறுத்தவும் ஓரளவு திருப்பவும் முடியும் என்பதால், வலி இல்லாவிட்டாலும் அவனையும் அழைத்துச் செல்லுங்கள். தூக்கத்தில் உமிழ்நீர் குறைகிறது; பால் மேல் முன்பற்களைச் சுற்றித் தேங்குகிறது; கீழ் முன்பற்களை நாக்கு மூடிக்கொள்வதால் அவை தப்பிவிடுகின்றன. புட்டியில் வெறும் தண்ணீர் மட்டும் கொடுத்துப் படிப்படியாக நிறுத்துங்கள்.

தாமிரபரணி எழுதியது:

மருத்துவர் ஐயா சிகிச்சையைச் சொல்லிவிட்டார். தேர்ந்தெடுப்பதைப் பற்றி ஒரு பெற்றோராக நான் சொல்கிறேன். பட்டமும் பதிவும் முதல் படி. பிடிஎஸ் படித்தவர் பல் மருத்துவர். அதற்கு மேல் மூன்றாண்டு எம்டிஎஸ் படிப்பில் குழந்தைகள் பல் மருத்துவம் தனிப் பிரிவாக இருக்கிறது. மாநிலப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலின் பதிவு எண்ணைச் சான்றிதழிலோ மருந்துச் சீட்டிலோ பார்க்கலாம். சிறு ஊர்களில் பரம்பரையாகப் பல் கட்டுகிறோம் என்று பலகை வைத்திருப்பவர்களிடம் இதைக் கேட்டால் பதில் வராது.

பலர் பார்க்க மறப்பது தூய்மையை. தரையையும் ஏசியையும் சொல்லவில்லை. கருவிகள் முத்திரையிட்ட பையிலிருந்து உங்கள் கண்முன் எடுக்கப்படுகின்றனவா, கருவிகளை நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவின் சூட்டில் நிறம் மாறும் பட்டை அந்தப் பையில் மாறியிருக்கிறதா, கையுறை ஒவ்வொருவருக்கும் புதிதா என்று பாருங்கள். திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்கில் சிகிச்சை பெற்றவர்களில் சிலர் 2023-இல் மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் தொற்றால் இறந்ததைப் பற்றிய ஆய்வு 2025-இல் செய்திகளில் வந்தது நினைவிருக்கும். சலைன் எனும் உப்புநீர்ப் புட்டியைக் கருவியால் திறந்து, மிச்சத்தை மூடிவைத்துப் பிறகும் பயன்படுத்தியதுதான் அங்கே கிருமிக்கு வழியானது. எனவே சலைன் புட்டி புதிதாகத் திறக்கப்பட்டதா என்று கேட்பதற்குத் தயங்காதீர்கள். அந்தக் கேள்விக்கு முகம் சுளிப்பவரிடம் ஐந்து பேர் கொண்ட குடும்பத்தை ஒப்படைக்க வேண்டியதில்லை.

மேகலை எழுதியது:

தாமிரபரணி சொல்வதை ஏற்கிறேன். ஆனால் பட்டத்தையும் ஆட்டோகிளேவையும் பார்த்துவிட்டால் போதாது. எங்கள் மகனை எல்லா வசதியும் உள்ள ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனோம். எங்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். உள்ளே அவன் கையை இரண்டு பேர் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. பல் சரியாகிவிட்டது. ஆனால் முடிவெட்டும் நாற்காலியில்கூட அவன் உட்கார மறுக்கிறான். தாய் தகப்பன் உள்ளே இருக்கலாமா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

பல்லவன் எழுதியது:

மேகலை அம்மாவின் வருத்தம் புரிகிறது. முடிவில் மட்டும் சிறிது வேறுபடுகிறேன். மூன்று நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தாய் அருகில் இருப்பது நல்லது. இன்னும் சிறிய குழந்தையானால், தாயும் மருத்துவரும் முழங்காலோடு முழங்கால் சேர உட்கார்ந்து, குழந்தையைத் தாயின் மடியிலிருந்து மருத்துவரின் மடியில் தலை வைக்கச் சாய்த்துப் பார்ப்பதே வழக்கம். பள்ளிக்குப் போகும் வயதில் சில குழந்தைகள் தாயைக் கண்டால்தான் அழும். அவர்களிடம் மருத்துவர் தனியாகப் பேசுவது பலன் தருவதுண்டு. ஆனால் அது பெற்றோரின் சம்மதத்தோடு, கதவு திறந்திருக்க நடக்க வேண்டும். வாயைப் பொத்தி அடக்கும் முறை ஒரு காலத்தில் எங்கள் பாடநூல்களிலேயே இருந்தது. அமெரிக்கக் குழந்தைகள் பல் மருத்துவக் கழகம் 2006-இல் அதைத் தன் வழிகாட்டுதல்களிலிருந்து நீக்கிவிட்டது. அவசரமில்லாத சிகிச்சைக்காகப் பெற்றோரிடம் சொல்லாமல் குழந்தையைப் பிடித்து அழுத்துவதை இன்று யாரும் நியாயப்படுத்த முடியாது.

சரியான வழி நெடுங்காலமாகத் தெரிந்ததுதான். 1959-இல் அடில்ஸ்டன் என்ற மருத்துவர் எழுதிவைத்த சொல்லுதல், காட்டுதல், செய்தல் என்ற வரிசையையே இன்றும் கற்பிக்கிறோம். சுழலும் தூரிகையைப் பற்றிக் குழந்தையின் மொழியில் சொல்லி, அதைக் குழந்தையின் நகத்தின் மேல் ஓட்டிக் காட்டி, அதன் பிறகே பல்லில் வைக்க வேண்டும். கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவேன் என்று சொல்லும் மருத்துவர், குழந்தை தூக்கியதும் மெய்யாகவே நிறுத்துகிறாரா என்று பாருங்கள். நான் ஒரு மருத்துவரைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தால் இந்த ஒன்றைத்தான் முதலில் கவனிப்பேன்.

தருமபுரியான் எழுதியது:

இந்த உரையாடலின் போக்கில் ஒரு சந்தேகம். எங்கள் மாவட்டத்தில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பழுப்புக் கறை படிந்த பற்கள் எங்கள் தலைமுறையில் பலருக்கு உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைக் கொண்டு வந்ததே இதற்காகத்தான். இப்போது எங்கள் பல் மருத்துவர் இரண்டு வயதுக் குழந்தைக்கு ஃபுளோரைடு பற்பசை எழுதித் தருகிறார். இது முறையா?

பல்லவன் எழுதியது:

நியாயமான கேள்வி. கறை வெளியிலிருந்து படிவதில்லை. ஈறுக்குள் பல் உருவாகிக்கொண்டிருக்கும் ஆண்டுகளில் உடலுக்குள் போகும் ஃபுளோரைடால் வருவது. கணக்கைப் பாருங்கள். 1000 பிபிஎம் (ஒரு கிராமில் 1 மில்லிகிராம் ஃபுளோரைடு) பற்பசையை மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசி அளவு தேய்த்து, அது முழுவதையும் விழுங்கிவிட்டாலும் உள்ளே போவது ஏறத்தாழ 0.1 மில்லிகிராம். லிட்டருக்கு 2 மில்லிகிராம் ஃபுளோரைடு உள்ள ஆழ்துளைக் கிணற்று நீரில் ஒரு லிட்டர் குடித்தால் போவது 2 மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தரம் லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்பதே விரும்பத்தக்க எல்லை என்கிறது. வேறு நீர் இல்லாத இடத்தில் 1.5 வரை அனுமதிக்கிறது. ஆகவே முதலில் வீட்டில் குடிக்கும் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் பரிசோதித்து, அந்த முடிவை உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். தண்ணீர் சரியாக இருந்தால் அரிசி அளவு பசையால் பயமில்லை. மூன்று வயதுக்கு மேல் பட்டாணி அளவு. தூரிகையின் நீளம் முழுவதும் பிதுக்கிக் காட்டும் விளம்பரங்களைப் பார்த்து அளவு கற்காதீர்கள்.

வெண்ணிலா எழுதியது:

காவிரிக்கரை அம்மா, மகளைத் தயார்ப்படுத்துவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். என் மகன் ஆட்டிசம் உள்ளவன். புதிய ஒலியும் வெளிச்சமும் அவனைத் தடுமாற வைத்துவிடும் என்பதால் நான் இதில் சற்று அதிகமாகவே உழைக்க வேண்டியிருந்தது. அவனுக்காகக் கற்றவை மற்றக் குழந்தைகளுக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

வலிக்கவே வலிக்காது என்று சொல்லாதீர்கள். அதுவரை வலியைப் பற்றி நினைக்காத குழந்தைகூட அந்த வாக்கியத்திலிருந்து வலி என்ற ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொள்ளும். சிறிது வலித்துவிட்டால் அடுத்த முறை உங்கள் பேச்சை நம்பாது. ஊசி போடுவார்களா என்று மகள் கேட்டால், முதல் நாள் எண்ணிப் பார்ப்பதும் படம் எடுப்பதும்தான், அதற்கு மேல் என்ன செய்வதாக இருந்தாலும் டாக்டர் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வார் என்று சொல்லுங்கள். அப்படியே நடந்துகொள்ளும்படி மருத்துவரிடம் முன்கூட்டியே தொலைபேசியில் பேசிவிடுங்கள். சேட்டை செய்தால் டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன் என்று மிரட்டும் பழக்கம் நம் வீடுகளில் அநேகமாக எல்லாருக்கும் உண்டு; தாத்தா பாட்டி உட்பட வீட்டில் யாரும் அதைச் சொல்லக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். நீங்களே பல் பிடுங்கிக்கொண்ட கதையைக் குழந்தையின் காதில் விழும்படி உறவினர்களிடம் விவரிக்காமல் இருப்பதும் இதில் சேரும்.

வீட்டில் விளையாட்டாகப் பழக்கலாம். உங்கள் மடியில் தலை வைத்துப் படுக்கச் சொல்லி, சிறு கரண்டியின் பின்புறத்தைக் கண்ணாடியாகப் பாவித்து, பற்களை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். பிறகு அவள் உங்கள் பற்களை எண்ணட்டும். கைப்பேசி டார்ச்சைச் சிறிது தொலைவில் பிடித்து வெளிச்சத்துக்குப் பழக்குங்கள். நாங்கள் கிளினிக்கின் வாசல், காத்திருக்கும் அறை, நாற்காலி, விளக்கு எல்லாவற்றையும் அனுமதி பெற்றுப் படம் எடுத்து வந்து, வரிசையாக ஒட்டி ஒரு சின்னப் புத்தகமாக அவனிடம் கொடுத்தோம். முதல் தடவை நாற்காலியில் ஏறி இறங்கியதோடு வீட்டுக்குத் திரும்பினோம். மருத்துவர் அதற்குக் கட்டணம் வாங்கவில்லை, அவசரமும் காட்டவில்லை. உமிழ்நீரை உறிஞ்சும் குழாயின் சத்தம்தான் அவனுக்குப் பெரிய தடையாக இருந்தது. அதை முதலில் அவன் கையில் கொடுத்து, டம்ளரிலிருந்து தண்ணீரை உறிஞ்ச விட்டார். கண்ணில் வெளிச்சம் படாமல் இருக்கக் கறுப்புக் கண்ணாடி, புதினாச் சுவையில்லாத பசை, காலையில் முதல் முன்பதிவு ஆகியவற்றையும் கேட்டுப் பெற்றோம். தூங்கி எழுந்து, லேசாகச் சாப்பிட்ட பிறகு போகும் நேரமே நல்ல நேரம். பள்ளி விட்டுக் களைத்து வரும் மாலை வேண்டாம்.

முடித்துவிட்டு வரும் வழியில் சாக்லேட் வாங்கித் தருவதாகப் பேரம் பேசுவதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஒட்டுப்படமோ பூங்காவோ போதும்.

கிழக்குவாசல் எழுதியது:

செலவைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் பல் பிரிவு உண்டு. சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகில் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது; சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் குழந்தைகளுக்கான பிரிவு உண்டு. அங்கே மாணவர்கள் பேராசிரியரின் மேற்பார்வையில் செய்வதால் நேரம் அதிகமாகும், கட்டணம் கணிசமாகக் குறையும். அரை நாள் காத்திருக்க முடியுமானால், முகாம் சீட்டுக்கு இரண்டாவது கருத்துக் கேட்க அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. அங்கே யாருக்கும் உங்களிடம் கேப் விற்றாக வேண்டிய அவசியம் இல்லை.

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஒரு கல்லூரி மருத்துவமனையிலும், வீட்டருகே உள்ள ஒரு மருத்துவரிடமும் காட்டிவிட்டோம். ஐந்தில் ஒன்று ஆடிக்கொண்டிருக்கும் முன்பல் என்பதால் விட்டுவிடலாம் என்றும், இரண்டை அடைத்தால் போதும் என்றும் இருவரும் சொல்கிறார்கள். கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றுக்கு வேர் சிகிச்சை தேவை என்பதிலும் மாறுபாடு இல்லை. மிச்சமுள்ள ஒன்றில்தான் கருத்து வேறுபாடு: கல்லூரியில் அடைத்துவிட்டுப் பொறுத்துப் பார்க்கலாம் என்றார்கள், வீட்டருகே உள்ளவர் கேப் போட்டுவிடலாம் என்கிறார். மகனுக்கு ஃபுளோரைடு பூச்சுத் தடவினார்கள். குழி விழுந்தால் வெள்ளி கலந்த ஒரு மருந்து தடவலாம், அது பல்லைக் கறுப்பாக்கிவிடும் என்றும் சொன்னார்கள். இதைப் பற்றியும் சொல்லுங்கள் ஐயா. வேர் சிகிச்சைக்கு மரத்துப்போகும் ஊசி போட்டே ஆக வேண்டுமாம். அதற்குப் பிறகு நாங்கள் என்ன கவனிக்க வேண்டும்?

பல்லவன் எழுதியது:

அந்த ஒரு பல்லைப் பொறுத்தவரை இருவர் சொல்வதும் ஏற்கத்தக்கதே. இரண்டு பற்கள் உரசும் பக்கவாட்டில் சொத்தை இருந்தால், பால் கடைவாய்ப் பல்லில் அடைப்பு பெயர்ந்துவிட வாய்ப்பு அதிகம். அங்கே உறை நீடித்து நிற்கும். மேற்பரப்புக் குழியில் மட்டும் என்றால் அடைப்பே போதும். எக்ஸ்ரேயைக் காட்டி, சொத்தை எந்தப் பக்கம் என்று கேளுங்கள். பதில் தானாகக் கிடைக்கும். எக்ஸ்ரேயை உங்களுக்குக் காட்டி விளக்கும் மருத்துவரே உங்கள் குடும்பத்துக்கு ஏற்றவர் என்பேன்.

வெள்ளி கலந்த மருந்து என்பது சில்வர் டயமின் ஃபுளோரைடு. குடையாமல், ஊசியில்லாமல், ஒரு துளியைத் தடவிச் சொத்தையை நிறுத்தும். சொத்தையான இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும். நாற்காலியில் உட்கார மறுக்கும் மூன்று வயதுக் குழந்தைக்கு, முழு மயக்கம் கொடுத்துச் சிகிச்சை செய்வதைத் தள்ளிப்போட இது பெரிதும் உதவுகிறது. முன்பல்லில் கறுப்பு தெரிவது உங்களுக்குச் சம்மதமா என்பதை மட்டும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். எப்போதாவது முழு மயக்கம்தான் வழி என்று யாராவது சொன்னால், மயக்க மருத்துவர் யார், எந்த மருத்துவமனையில் என்ற இரண்டையும் கேளுங்கள். தனி மயக்க மருத்துவரும் அவசர வசதியும் இல்லாத கிளினிக்கில் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஊசிக்குப் பிறகு இரண்டு மூன்று மணி நேரம் உதடும் கன்னமும் மரத்திருக்கும். வலி தெரியாததால் குழந்தை விளையாட்டாகக் கீழ் உதட்டை மென்றுகொண்டே இருக்கும். உணர்வு திரும்பும் வரை கடித்துச் சாப்பிட எதுவும் கொடுக்காமல், பக்கத்தில் உட்கார்ந்து அடிக்கடி உதட்டைப் பாருங்கள். கடித்துவிட்டால் மறுநாள் உதடு வீங்கி, மேலே வெள்ளையாகப் படிந்திருக்கும். பார்ப்பவர்கள் சீழ் என்று பயந்து ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுப்பார்கள். அது புண் ஆறும்போது படியும் படலம், சுமார் ஒரு வாரம், பத்து நாளில் தானாகச் சரியாகும். காய்ச்சல் வந்தாலோ, கன்ன வீக்கம் கண்ணை நோக்கியோ தாடைக்கு அடியிலோ பரவினாலோ, வாயைத் திறக்கவோ விழுங்கவோ முடியாமல் போனாலோ அன்றே, இரவானாலும், மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.